எழுபத்திநாலாம் நம்பர்

எடப்பாடியில் சௌந்திரத்தின் விரல்களுக்கென்று தனியாக ஒரு பேர் இருந்தது. நூல் சுற்றிய கோனில் ஒட்டிய லேபிள் கிழிந்துபோய், இது நாற்பதாம் நம்பர் நூலா அறுபதாம் நம்பரா என்று இரண்டு தறிக்காரர்கள் வரிந்து கட்டிக்கொண்டு நின்றால், பக்கத்தில் இருப்பவர் சௌந்திரத்திடம் கொண்டுபோய்க் காட்டச் சொல்லுவார். அவள் அடுப்பு வேலையாக இருந்தாலும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒரு முழம் நூலைப் பிரித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரே ஒரு தடவை உருட்டுவாள். நம்பரைச் சொல்லிவிட்டு மறுபடி அடுப்படிக்குப் போய்விடுவாள். ஒருமுறை மில்லிலேயே நாற்பது என்று லேபிள் ஒட்டி அனுப்பிய மூட்டையை அவள் முப்பத்தாறு என்றாள். மில்காரர்கள் சிரித்தார்கள். சோதித்துப் பார்த்த பிறகு மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் அந்தத் தெருவில் அவளை எதிர்த்துப் பேச ஆளில்லை.

நெசவுத் தெருவில் பிறந்தவர்களுக்கு இந்த நம்பர் கணக்கை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. நம்பர் ஏற ஏற நூல் சன்னம். இறங்க இறங்கத் தடிப்பு. பத்தாம் நம்பர் நூலை வெடுக்கென்று இழுத்தால் விரலை அறுத்துவிடும். நூறாம் நம்பர் நூல் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே அறுந்துவிடும். பலம் வேண்டுமென்றால் சின்ன நம்பரைக் கேட்க வேண்டும். நாற்பத்தொன்பது வயதுவரை சௌந்திரம் இந்தக் கணக்கில் ஒருநாளும் தப்பியதில்லை. தப்பியது ஒரே ஒரு தடவை. அதுவும் நூலில் இல்லை.

அவள் புருஷன் சின்னுசாமி. ஒரு காலத்தில் வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்கு விசைத்தறி ஓட்டினார். கட்டுப்படியாகவில்லை. நான்கையும் கழற்றி விற்றுவிட்டு, ஒரு பழைய ஆம்னி வேனை வாங்கி, பின்சீட்டுகளைப் பிடுங்கிப் போட்டார். குமாரபாளையத்து கோடவுனிலிருந்து நூல் மூட்டைகளை ஏற்றிவந்து எடப்பாடியில் தறித் தறியாக இறக்குவது தொழிலாயிற்று. மூட்டை ஒன்று அறுபது கிலோ. ஒரு நடைக்கு ஒன்பது மூட்டை. தறியில் இருபது வருஷம் அவரிடம் வேலை பார்த்த அங்கமுத்து, தறி போனதும் தானும் போய்விடாமல் வேனில் ஏறிக்கொண்டான். மூட்டையைத் தூக்குவது அவன், வண்டி ஓட்டுவது இவர். முதலாளி, ஆள் என்று அவர்களைப் பார்த்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரே பொட்டலத்துப் பொரியைப் பங்குபோட்டுத் தின்றுகொண்டு போவார்கள்.

போன தை மாசம் வேனின் பின் டயர்கள் இரண்டும் வழுக்கையாகிவிட்டன. சங்ககிரியில் அன்பழகன் என்பவர் பழைய டயர் கடை வைத்திருக்கிறார். அவரிடம் நல்லதாகக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு மூன்று பேரும் போனார்கள். சின்னுசாமிக்குத் துண்டு வாங்குவதானாலும் பெண்டாட்டி கூட வர வேண்டும். அதைச் சொல்லி அங்கமுத்து வழிநெடுக அவரைக் கிண்டல் செய்துகொண்டு வந்தான்.

அன்பழகன் இரண்டு ஜோடி டயர்களை உருட்டிவந்து போட்டார். இரண்டுமே அந்த வண்டியின் சக்கரத்துக்குப் பொருந்தும் என்றார். ஒரு ஜோடியின் பக்கவாட்டில் எழுத்துகளுக்குப் பின்னால் 86 என்று இருந்தது. மற்ற ஜோடியில் 74. புருஷனும் அங்கமுத்துவும் ஜாக்கி போட்டு வண்டிக்கு அடியில் தலையை விட்டிருந்தார்கள். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. சௌந்திரம் குனிந்து அந்த எண்ணைத் தடவிப் பார்த்துவிட்டு, இது என்ன நம்பர் என்று கேட்டாள். லோடு நம்பருங்க என்று அன்பழகன் சொன்னார். சொன்னது சரிதான், பொய்யில்லை. சொல்லிவிட்டு வேறொரு வண்டியின் நட்டைக் கழற்றப் போய்விட்டார்.

லோடு நம்பர் என்ற பிறகு அவளுக்கு யோசிக்க என்ன இருக்கிறது? எழுபத்திநாலு தடிப்பு, எண்பத்தாறு சன்னம். கண் மூடித் திறப்பதற்குள் முடிவாகிவிட்டது. எழுபத்திநாலைக் காட்டி, இதையே போடச் சொன்னாள். வீடு திரும்பும்போது புருஷனிடம் அதைப் பெருமையாகவும் சொன்னாள். டயர் சமாசாரத்திலும் அவள் கில்லாடி என்று அங்கமுத்து சொன்னான். இந்தப் பேச்சு அவளுக்கு அவ்வளவு இனித்தது. பிற்பாடு அதை நினைக்கும்போதெல்லாம் வாயில் கசந்தது.

சித்திரை மாசம், உச்சி வெயில். அன்றைக்குக் கோடவுனில் ஒரு மூட்டை மிச்சம் நின்றது. மறுநாள் லீவு. ஒன்றே ஒன்றுதானே, அதற்காக இன்னொரு நடையா என்று அங்கமுத்துவே அதைத் தூக்கி உள்ளே வைத்தான். சின்னுசாமி வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னார், அவன் கேட்கவில்லை, அவரும் வற்புறுத்தவில்லை. சங்ககிரி தாண்டி ஒரு சின்னப் பாலத்துக்கு முன்னால் இடது பின் டயர் வெடித்தது. வேன் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு போய்ப் பாலத்துச் சுவரில் மோதிக் கவிழ்ந்தது. பின்னாலிருந்த மூட்டைகள் முன்னால் சரிந்தன. அங்கமுத்து அந்த இடத்திலேயே போய்விட்டான். சின்னுசாமிக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

அங்கமுத்துவின் மனைவி மாரியாயி அதே தெருவில் நாலு வீடு தள்ளித் தார் சுற்றுகிறவள். கோன் நூலைச் சின்னத் தார்க்குச்சியில் சுற்றித் தறிக்குக் கொடுப்பது அவள் வேலை. அடக்கம் முடிந்த மறுநாள், ஆஸ்பத்திரியில் கட்டிலில் கிடந்த சின்னுசாமியை வந்து பார்த்தாள். அழவில்லை, வையவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"ஒரு மூட்டை கொறச்சலா ஏத்தியிருந்தீங்கன்னா எங்கூட்டுக்காரரு இருந்திருப்பாருங்க அண்ணா."

அந்த மூட்டையை ஏற்றியது யார் என்று சின்னுசாமி வாயைத் திறக்கவில்லை. செத்தவன் மேல் பழி போடக் கூடாது என்று பெண்டாட்டியிடமும் கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். அன்றோடு மாரியாயி அவர்கள் வாசல் பக்கம் வருவதை விட்டாள். தெருவில் எதிரே வந்தாலும் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர்கள் உலோகத் தகடு வைத்து எலும்பைச் சேர்த்தார்கள். இரண்டு மாசத்தில் வாக்கர் பிடித்து நடக்கலாம், நடந்தே ஆக வேண்டும் என்றார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது. மனுஷன் எழுந்திருக்கவில்லை. வாக்கர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, அவருடைய துண்டு காயப்போடத்தான் பயன்பட்டது. சோற்றுத் தட்டைக் கொடுத்தால் நாலு வாய் உண்டுவிட்டு, அங்கமுத்து சாப்பிட்டானா என்று கேட்கிறவர் மாதிரி வாசலைப் பார்ப்பார். பிறகு தட்டைத் தள்ளிவிடுவார். இப்படியே கிடந்தால் கால் சூம்பிவிடும், அப்புறம் கடவுளே வந்தாலும் நடக்க வைக்க முடியாது என்று டாக்டர் சௌந்திரத்தைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். புருஷனை நடக்கவிடாமல் படுக்கவைத்திருப்பது எலும்பல்ல, மாரியாயி சொன்ன வார்த்தைதான் என்பது அவளுக்குத் தெரியும். அதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. டெங்குக் கொசுவுக்கு மருந்தடிக்க நகராட்சிப் பெண்கள் வீடு வீடாக வந்தார்கள். கொல்லையில் அந்த வெடித்த டயர் கிடந்தது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வண்டியை மீட்டுவந்தபோது கூடவே வந்தது, தூக்கியெறிய யாருக்கும் கை வரவில்லை. அதில் தண்ணீர் தேங்கிப் புழு நெளிந்தது. இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள் என்று அந்தப் பெண்கள் கண்டித்துவிட்டுப் போனார்கள். சௌந்திரம் தண்ணீரைக் கவிழ்த்தாள். கிழிந்த ரப்பரைப் பார்த்துக்கொண்டே நின்றவளுக்கு ஒரு யோசனை வந்தது. இது மக்கிப்போன பழைய சரக்காக இருந்தால்? கடைக்காரன் தலையில் கட்டியிருந்தால்? அப்படியானால் பழி மூட்டையின் மேல் இல்லை, புருஷன் மேலும் இல்லை. அவர் எழுந்து நடப்பார்.

மறுநாள் காலை டயரைத் தூக்கிக்கொண்டு சங்ககிரி பஸ்ஸில் ஏறினாள். கண்டக்டர் லக்கேஜ் போடணும் என்றார். போடுங்கள் என்றாள். பஸ் அந்தச் சின்னப் பாலத்தைத் தாண்டியபோது கண்ணை மூடிக்கொண்டாள்.

அன்பழகன் அவளை மறக்கவில்லை. விபத்து நடந்ததும் அவருக்குத் தெரியும். அவள் சண்டைக்கு வந்திருக்கிறாள் என்பது முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஒன்றும் எதிர்த்துப் பேசாமல் டயரை வாங்கி, சாக்கால் துடைத்து, பக்கவாட்டில் பொறித்திருந்த நாலு இலக்கத்தைக் காட்டினார். எந்த வாரம், எந்த வருஷம் செய்த டயர் என்பதற்கு அந்த எண். செய்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. உள்பக்கம் கையை விட்டுத் தடவிக் காட்டினார். ஒட்டு இல்லை, பழைய வெட்டு இல்லை. விற்றபோது அது நல்ல டயர்தான். பிறகுதான், வண்டியில் என்ன ஏற்றினீர்கள் என்று கேட்டார். தை மாசமே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

நூல் மூட்டை, தினமும் ஒன்பது என்றாள். அன்பழகன் பக்கத்திலிருந்த டயரின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இது ஆளு ஏறிப் போற காருக்குப் போடறதுங்க அக்கா. லோடுக்குன்னுதான் எம்பத்தாறு பக்கத்துலயே கெடந்துச்சே. அத விட்டுட்டு இத ஏனுங்க எடுத்தீங்க?"

"எம்பத்தாறு சன்னமாச்சுங்களே," என்றாள் சௌந்திரம்.

அவருக்குப் புரியவில்லை. அவள் நூல் கணக்கைச் சொன்னாள். நம்பர் ஏறினால் சன்னம், இறங்கினால் தடிப்பு. சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தாள். எதையோ தலைகீழாகப் பிடித்துவிட்டோம் என்று அவர் பதில் சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கடைச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒரு அட்டவணை தொங்கியது. அன்பழகன் அதில் விரலை வைத்துக் காட்டினார். டயரில் நம்பர் ஏற ஏறப் பலம். ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு எடை உண்டு. அந்த ஒரு டயர் அவ்வளவுதான் தாங்கும். எழுபத்திநாலுக்கு நேரே முந்நூற்று எழுபத்தைந்து கிலோ. எண்பத்தாறுக்கு நேரே ஐந்நூற்று முப்பது. சக்கரத்தில் இரண்டும் ஒரே மாதிரி பொருந்தும், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. லோடு ஏற்றினால் காற்றைக் கூட்டிவிட்டால் போதும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், காற்றை எவ்வளவு கூட்டினாலும் அந்த நம்பர் கூடாது என்றார். தாங்க முடியாத எடையோடு மூன்று மாசம் ஓடியிருக்கிறது, கடைசியில் சித்திரை வெயிலில், சூடேறிய ரோட்டில். அது அதுவரை தாங்கியதே பெரிசு.

சௌந்திரம் அழவில்லை. அங்கமுத்துவை நான்தான் கொன்றேன் என்ற ஒரே நினைப்பு அவள் தலைக்குள் நின்றது. தன் விரல்களைப் பார்த்தாள். அவற்றை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

அன்பழகனுக்கு வேறொன்று ஞாபகம் வந்துவிட்டது. எடப்பாடி, ஜலகண்டாபுரம் என்று நெசவு ஊர்க்காரர்கள் வந்தால் சின்ன நம்பர் டயரையே தேடி எடுப்பதை அவர் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறார். டயர் பார்வைக்குப் பளிச்சென்று இருப்பதால் எடுக்கிறார்கள் என்று நினைத்திருந்தார். இப்போது போனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார். லோடு ஏற்றாதீர்கள், வண்டியைக் கடைக்குக் கொண்டுவாருங்கள், காரணத்தை நேரில் சொல்கிறேன். நாலு பேருக்குப் பேசி முடித்துவிட்டுச் சௌந்திரத்தின் பக்கம் திரும்பினார்.

"நீங்க நம்பரக் கேட்டீங்க, நானு பதில் சொன்னேன். எத்தன லோடு ஏத்துவீங்கன்னு ஒரு வார்த்தை நான் கேக்கலீங்க அக்கா. இதுல எனக்கும் பங்கு இருக்குதுங்க."

அவர் பங்கு அவருக்கு. அது அவளுடையதைக் குறைத்துவிடவில்லை. ஆனாலும் வந்த காரியம் ஒன்று பாக்கி இருந்தது. அன்றைக்கு மட்டும் கூடுதலாக ஏற்றிய பத்தாவது மூட்டையால்தான் வெடித்ததா என்று கேட்டாள். இதை வாயால் சொன்னால் நம்ப மாட்டீர்கள், எடை போட்டே பார்த்துவிடலாம் என்றார் அன்பழகன்.

அந்த வாரமே அவர் எடப்பாடிக்கு வந்தார். பழுதுபார்த்துத் தார்ப்பாய் மூடி நிறுத்தியிருந்த வேனில் எண்பத்தாறாம் நம்பர் டயர்களை மாட்டினார். வண்டியைச் சரிபார்க்கக் கொண்டுபோவதாகச் சின்னுசாமியிடம் சொல்லிவிட்டு, சௌந்திரமும் கூடப் போனாள். அதே கோடவுனில் அதே மாதிரி பத்து மூட்டை ஏற்றி, பக்கத்திலேயே இருந்த எடைமேடைக்குக் கொண்டுபோனார். முன்சக்கரங்கள் மேடைக்கு வெளியே, பின்சக்கரங்கள் மட்டும் மேடையின் மேல். தொள்ளாயிரத்து இருபது கிலோ. ஒரு டயருக்கு நானூற்று அறுபது. அன்பழகன் ஒரு மூட்டையை இறக்கிக் கீழே போட்டார். ஒன்பது மூட்டைக்கு எண்ணூற்று அறுபத்தைந்து. இன்னொன்றை இறக்கினார். எட்டுக்கு எண்ணூற்று ஐந்து. மூன்றாவதை இறக்கிய பிறகு எழுநூற்று ஐம்பது வந்தது. முந்நூற்று எழுபத்தைந்து தாங்கும் டயர் இரண்டுக்கு அதுதான் எல்லை. ஏழு மூட்டை.

ரோட்டோரம் இறக்கி வைத்த மூன்று மூட்டைகளைச் சௌந்திரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பத்தாவது மூட்டை ஒன்றுதான் அதிகம் என்று மாரியாயி நினைத்தாள், சின்னுசாமியும் அதையே நம்பிப் படுத்துக் கிடந்தார். ஆனால் முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு நடைக்கும் இரண்டு மூட்டை அதிகம். எண்பத்தாறு போட்டிருந்தால் பத்தையும் டயர் தாங்கியிருக்கும். அதற்காக இந்த வண்டியில் பத்து ஏற்றலாம் என்று அர்த்தமில்லை என்று அன்பழகன் திரும்பத் திரும்பச் சொன்னார். எடைச் சீட்டுகளை மடித்து அவள் கையில் கொடுத்தார்.

இதைச் சொன்னால் புருஷன் எழுந்திருப்பார். சொன்னால் தன் விரலுக்கு இருந்த பேர் போகும், மாரியாயியின் பழி தன் தலையில் வந்து விழும். சொல்லாவிட்டால் இரண்டும் பத்திரமாக இருக்கும், கட்டிலில் ஒரு கால் சூம்பும். திரும்பிவரும் வழியெல்லாம் இதையே போட்டு உருட்டினாள். வெட்கத்தைவிட்டுச் சொல்வதென்றால் ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், சீட்டுகளை ஜன்னல் வழியே விட்டுவிடலாமா என்றும் நினைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். சீட்டுகளை வரிசையாகப் போர்வையின் மேல் வைத்தாள். சின்னுசாமி ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். ஏழா, ஏழேதானா என்று இரண்டு தடவை கேட்டார். சீட்டுகளை அவள் பக்கம் தள்ளிவைத்தார்.

"இத மாரியாயிகிட்டச் சொல்லாத சௌந்திரம். எம்மேலயே கெடக்கட்டும். எனக்குப் பழகிப்போச்சு."

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. செத்தவனைக் காப்பாற்ற ஏழு மாசம் படுத்தாயிற்று, இனிப் பெண்டாட்டியைக் காப்பாற்ற மிச்ச நாளும் படுக்கப் போகிறாரா இந்த மனுஷன்? "எனக்காக நீங்க மொடமாக வேண்டாமுங்க," என்று சொல்லிவிட்டுச் சீட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு கிளம்பினாள்.

மாரியாயி தார் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். சௌந்திரத்தைப் பார்த்தும் மிஷினை நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்தின் மேலேயே சௌந்திரம் பேச ஆரம்பித்தாள். நம்பர், அட்டவணை, எடைமேடை, ஏழு மூட்டை. டயரைத் தேர்ந்தெடுத்தது தான்தான் என்று சொன்னபோதுதான் மாரியாயி கை நீட்டி சுவிட்சை அணைத்தாள். அக்கம்பக்கத்துத் தறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மாரியாயியும் நூல்காரிதான். எழுபத்திநாலை ஏன் எடுத்தாள் என்று அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அதுவே சௌந்திரத்துக்குக் கொடுமையாக இருந்தது.

சீட்டுகளை மாரியாயி வாங்கிப் பார்க்கவில்லை. அறுந்த நூலின் நுனியைத் தேடி எடுத்து முடிச்சுப் போட்டாள்.

"நீங்க போங்க அக்கா," என்றாள். மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

செய்தி ஒரே நாளில் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நூலைக் காட்ட ஒருவரும் வரவில்லை. வந்திருந்தாலும் அவள் தொட்டிருக்க மாட்டாள். சின்னுசாமியும் எழுந்திருக்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு ஒன்றும் கிடைக்காமல் போயிற்றே என்று சௌந்திரம் அடுப்படியில் உட்கார்ந்து அன்றுதான் முதல்தடவையாக அழுதாள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் மாரியாயி வந்தாள். ஏழு மாசத்துக்குப் பிறகு அந்த வாசலைத் தாண்டி வந்தாள். சௌந்திரம் நீட்டிய தண்ணீர்ச் சொம்பைக் கண்டும் காணாதவளாகக் கட்டிலுக்கு நேரே போய் நின்றாள். ஆஸ்பத்திரியில் நின்ற மாதிரியே கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த மூட்டைய அவருதான் தூக்கி வெச்சாருன்னு எனக்குத் தெரியுமுங்க அண்ணா. கோடவுன்காரரு எழவுக்கு வந்தப்பவே சொல்லிட்டாரு. தெரிஞ்சேதான் உங்களச் சொன்னேன். செத்துப்போன மனுசன வைய எனக்கு மனசு வரலீங்க. அவரயும் வையாம, உங்களயும் வையாம எப்புடி இருக்கறதுன்னு தெரியல." அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "அவரு மேலயும் இல்ல, உங்க மேலயும் இல்லீன்னா, அப்பறம் ஏன் படுத்திருக்கீங்க? எந்திரிங்க."

சின்னுசாமி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். மாரியாயி அவர் அழுது முடிக்கும்வரை நின்றாள். பிறகு வாக்கரின் மேல் கிடந்த துண்டை எடுத்து மடித்து வைத்துவிட்டு, வந்த வழியே போனாள். சௌந்திரத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த சொம்பு நிறைந்தபடியே இருந்தது.

அன்றைக்கு அவர் நின்றார். மறுநாள் ஆறு அடி நடந்தார். ஒரு கையால் வாக்கரைப் பிடித்து, மறு கையைச் சௌந்திரத்தின் தோளில் போட்டு, முழுக் கனத்தையும் இறக்கினார். தோள் வலித்தது. அந்த வலி அவளுக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. தை பிறப்பதற்குள் வாசல்வரை வந்து, தெருவில் போகிறவர்களிடம் பேசத் தொடங்கிவிட்டார்.

மாரியாயி அவரிடம் நின்று பேசுவாள். சௌந்திரத்திடம் பேசமாட்டாள். அதைச் சௌந்திரம் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. தனக்கு வர வேண்டியதுதானே வந்திருக்கிறது என்று இருந்தாள். கோபம் வருஷக்கணக்கில் இருந்தாலும் இருக்கட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

மாசிமாசம் ஒருநாள் காலை, அவள் வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். மாரியாயி வந்து படியில் ஒரு கோனை வைத்தாள். லேபிள் இல்லாத கோன். முகத்தைப் பார்க்காமல், கோனைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இது என்ன நம்பருன்னு பாத்துச் சொல்லுங்க. தார் சுத்தோணும்."

சௌந்திரம் துடைப்பத்தைக் கீழே போட்டாள். கையைச் சேலையில் இரண்டு மூன்று தடவை துடைத்தாள். நூல் நுனியைப் பிரித்து விரல்களுக்கு நடுவே வைத்தாள். வழக்கமாக ஒரு தடவைதான் உருட்டுவாள். இன்றைக்கு ஒருமுறை உருட்டி, மறுமுறை உருட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மூன்றாவது முறையும் உருட்டினாள். மாரியாயி அவசரப்படுத்தவில்லை.

"அறுவது மாதிரி தெரியுது," என்றாள் சௌந்திரம். பிறகு, நாற்பது வருஷத்தில் யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். "எதுக்கும் கோடவுன்ல ஒருக்காக் கேட்டுக்க சாமி."

"கேட்டுக்கறேன்," என்று மாரியாயி கோனை எடுத்துக்கொண்டு போனாள்.